நாற்பது வீட்டுத் தண்ணீர்

கருப்பட்டி மண்டி ராசையா ஒரு காரியத்தை முடிவு செய்ய, ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் போதும் என்று ராயபுரத்தில் பேர். தெற்கேயிருந்து வந்து இறங்கும் சிப்பத்தைப் பிரித்து ஒரு கருப்பட்டியை எடுத்து விரலால் சுண்டுவார். வேண்டும், வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி வருவதற்கு முன்னாலேயே சரியென்று தலையாட்டிவிட்டு வந்த மனுஷர் அவர். அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதத்திலிருந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டுவதா, வேண்டாமா?

கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நீச்சல் குளம் என்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப்புகளில் இருக்கிற சமாசாரம். நெற்றியில் திருநீறும் காதில் பென்சிலுமாகத் தராசுக்கு முன்னால் நிற்கிற அண்ணாச்சிக்கு அது என்னத்துக்கு? "ஜட்டி வாங்கியாச்சா?" என்று பக்கத்து மிளகாய் மண்டிக்காரர் கேட்டார். ராசையா அதற்கும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அப்போதுதான் விஷயம் வேறு என்று மிளகாய்க்காரருக்குப் புரிந்தது.

விஷயத்துக்குப் பேர் பூமாரி. ஏழு வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. நாலு நாள் அனலாய்க் கொதித்து ஐந்தாம் நாள் விட்டது. விட்டது காய்ச்சல் மட்டும்தான். பிள்ளை எழுந்து நிற்கப் பார்த்தாள், சரிந்தாள். இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் அது இன்னும் ஐந்தாறு வீட்டுக்குள் நுழைந்திருந்தது.

தை பிறந்ததும் ஜேக்கப் டாக்டர் பூமாரியைக் குப்புறப் போட்டு, மல்லாத்திப் போட்டு, சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டி அரைமணி நேரம் பார்த்தார். பிறகு கைகழுவிக்கொண்டே சொன்னார்.

"கால் சாகலை, ராசையா. தூங்குது. தரையில் அந்தக் கால் உடம்பைத் தாங்காது. தண்ணிக்குள்ளே உடம்புக்குக் கனம் கிடையாது, அங்கே ஆட்டலாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் தண்ணியில் மிதக்கவிட்டுக் காலை அடிக்கப் பழக்கணும். இன்னும் ஒரு வருஷத்துக்குள்ளே செய்யணும். அதுக்கப்புறம் எழுப்பினாலும் எழுந்திருக்காது."

"செஞ்சா நடந்திருவாளா, டாக்டர்?"

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம். நான் கடவுள் இல்லை."

தொட்டி போதுமா என்று கேட்டார் ராசையா. போதாது. பதினெட்டு அடி நீளமாவது வேண்டும், பிள்ளைக்கு நெஞ்சளவு ஆழம் வேண்டும், தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கிளப்புக் குளங்களில் இந்த மாதிரிப் பிள்ளையை இறக்கவிடமாட்டார்கள் என்று டாக்டரே விசாரித்து வைத்திருந்தார். ஒட்டிக்கொள்ளுமாம். "வீட்டிலேயே கட்டிடுங்களேன், உங்களுக்கென்ன?" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். சொல்லுகிறவருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது!

பக்கத்திலேயே கடல் கிடக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். ராசையாவுக்கும் தோன்றியது. கொல்லைக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் மீனவர் குப்பம், குப்பத்துக்கு அப்பால் வங்காள விரிகுடா முழுக்கத் தண்ணீர். குப்பத்துக் குமாரவேல் கட்டுமரம் ஓட்டுகிறவன், கடலில் பிறந்தவன் மாதிரி நீந்துவான். அவன் பூமாரியைத் தோளில் சுமந்து கொண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் பிடித்துப் பார்த்தான். திருவொற்றியூர் அலை யாருக்கு அடங்கும்? இரண்டாவது அலையே பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக் கரையில் எறிந்தது. தப்பித்தது அந்த ஆண்டவன் புண்ணியம். அன்றோடு கடல் யோசனை முடிந்தது.

ஆக, குளம்தான். இடம் இருக்கிறது, செங்கல் இருக்கிறது, கொத்தனார் கூப்பிட்டால் வருவார். அப்புறம் என்ன யோசனை என்றால், தண்ணீர்.

அந்த வீட்டை ராசையா வாங்கியது நாலு வருஷத்துக்கு முன்பு. கொல்லையில் ஓர் உறைக்கிணறு. குப்பத்தில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் கரிக்கும். இந்த ஒரு கிணறு மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே குப்பத்தின் நாற்பது வீடும் இதில்தான் குடிக்கத் தண்ணீர் சேந்தின. குழாய்த் தண்ணீர் வரும் வரும் என்றார்கள், வந்தபாடில்லை. வீடு கைமாறிய மறுநாள் காலை, புது ஆள் விடுவானோ மாட்டானோ என்று பெண்கள் கொல்லைக் கதவுக்கு வெளியே குடமும் கையுமாக நின்றார்கள். ராசையாவின் மனைவி இசக்கியம்மாள்தான் போய்த் தாழைத் திறந்தாள். "தண்ணிக்கு என்னத்துக்கு வெளியே நிக்கிய? உள்ளே வாருங்க" என்றாள். தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்தில் பிறந்து, ஒரு குடத்துக்கு ஒரு காலைப்பொழுதைத் தொலைத்து வளர்ந்தவள் அவள். வெறுங்குடத்தோடு ஒரு பெண் நிற்பதை அவளால் பார்க்க முடியாது.

அன்று முதல் அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது. விடிந்ததும் பெண்கள் வருவார்கள், கிணற்றடியே சந்தை மாதிரி இருக்கும். கால் விழுந்தபிறகு பூமாரியின் கட்டிலைத் தென்னைமரத்தடியில் கொண்டுபோய்ப் போடச் சொன்னதும் அவர்கள்தான். குமாரவேலின் தாயார் குப்பம்மா மீன் கூடைக்காரி, வாய் துடுக்கு, கை மெத்து. குடத்தை வைத்துவிட்டுப் பிள்ளையின் காலில் சுறா எண்ணெயைத் தேய்த்து நீவிவிடுவாள். நாற்றம் தாங்காமல் பூமாரி மூக்கைப் பிடித்துக்கொள்வாள். "நாத்தம் தாங்கலன்னா கால ஆட்டிகினு ஓடு பாப்பம்" என்பாள் குப்பம்மா.

குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ராசையா கணக்குப் பார்த்தது மாசி மாதம். நாலு ஆட்களை விட்டு ஒருநாள் முழுக்க இறைக்கச் சொன்னார். குளத்தின் பாதி அளவுகூட வரவில்லை, கிணற்றில் மணல் தெரிந்துவிட்டது. திரும்ப ஊறுவதற்கு ஒன்றரை நாள் ஆயிற்று. அந்த ஒன்றரை நாளும் குப்பத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. இந்தக் கிணறு குளத்துக்கு ஊறினால் குப்பத்துக்கு இல்லை. குப்பத்துக்கு ஊறினால் குளத்துக்கு இல்லை.

"என்னத்த யோசிக்கிய?" என்றாள் இசக்கியம்மாள். "கட்டுங்க. நம்ம பிள்ளை, நம்ம கிணறு."

"நீதான கதவைத் திறந்துவிட்ட?"

"திறந்தவளுக்கு அடைக்கத் தெரியாதாக்கும்? என் பிள்ளை காலை விட எனக்கு யாரும் பெரிசில்ல. பழியை என் தலையில போடுங்க. அந்த ராட்சசிதான் அடைச்சான்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் மனசு வரவில்லை என்பது ராசையாவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். அவரால் சாய முடியவில்லை.

குப்பத்துக்குச் சேதி போகாமல் இருக்குமா? இரண்டாம் நாள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று ராசையா தோள்துண்டை இறுக்கிக்கொண்டு நின்றார். குப்பம்மா முன்னால் வந்தாள்.

"கொளம் கட்டப் போறியாமே, நைனா?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"கொயந்தைக்குன்னா கட்டிக்கோ. அத்த சொல்லத்தான் அல்லாரும் வந்தோம். எங்களுக்கு இன்னா, காலு நல்லா கீது. பெரிய ரோட்டாண்ட ஒரு கெணறு கீது, ரெண்டு மைலு. போய்க்கிறோம்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். குமாரவேலின் மனைவி வேம்பு மட்டும் தரையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். ராசையா அவள் வயிற்றைப் பார்த்தார், பார்த்த கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிணற்றைப் பார்த்தார். அந்தப் பெண்கள் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே செங்கல் இறக்கியிருப்பார். கட்டிக்கோ என்று சொல்லிவிட்டார்களே, இனி எப்படிக் கட்டுவது?

பங்குனியில் சாமியிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. வடிவுடையம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போனார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் கட்டுவது, சிவப்பு வந்தால் விடுவது. குருக்கள் இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கிப் போட்டார். பூமாரி அப்பாவின் இடுப்பிலிருந்து குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ராசையா வாங்கினார், உள்ளங்கையில் வைத்து மூடினார். பிரிக்க விரல் போகவில்லை. எது வந்தாலும் தாங்கமாட்டோம் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு விளங்கிற்று. அப்படியே வெளியே வந்து கோயில் குளத்துப் படியில் பொட்டலத்தை வைத்துவிட்டு நடந்தார்.

"சாமிகிட்டக் கேள்வி கேட்டுட்டுப் பதிலை வாங்காம வந்த ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் இசக்கியம்மாள்.

சித்திரையும் போயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராசையா பிள்ளையின் கெண்டைக்காலைத் தன் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பார்ப்பார். தையில் இரண்டு விரலும் தொடவில்லை. சித்திரையில் தொட்டன. டாக்டர் சொன்ன ஒரு வருஷம் கண்முன்னால் கரைகிறது, அவரோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். மண்டியில் யாராவது எதையாவது கேட்டால் எரிந்து விழுந்தார். ஊர்மேலெல்லாம் எரிந்து விழுந்து என்ன பிரயோசனம்? அவருக்கு அவர்மேல்தான் கோபம்.

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக இசக்கியம்மாளின் தம்பி வெள்ளத்துரை ஊரிலிருந்து வந்தான். கிணறு வெட்டுவதுதான் அவன் தொழில். அவன் அப்பனும் அதே, அப்பனுக்கு அப்பனும் அதே. தேரியில் செம்மண்ணையும் சுக்கான் பாறையையும் உடைத்து இறங்கி, பத்து ஆள் ஆழத்தில் தண்ணீரைக் கண்டுபிடிக்கிற வம்சம். அக்காள் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"இதுக்கா அத்தான் அஞ்சு மாசமா மண்டையை உடைச்சிய? கிணறு பத்தலைன்னா ஆழத்தைக் கூட்டணும். இன்னும் ரெண்டு ஆள் ஆழம் இறக்குனா ஊத்துப் பீறிட்டு அடிக்கும். குளத்துக்கும் ஆச்சு, குப்பத்துக்கும் ஆச்சு."

ராசையா வெற்றிலையைக்கூட வாயில் போடவில்லை. "இறக்கு" என்றார்.

அடடா, அன்றைக்கு அந்த மனுஷர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எவருக்கும் இல்லையென்று சொல்லவேண்டாம், எதையும் இழக்கவேண்டாம். இத்தனை நாளும் இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அவரும் அதே தேரிக்காட்டுப் பிள்ளைதானே! அந்த ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் ஆழம். மேல் தண்ணீர் சப்பு, அடித் தண்ணீர் அமிர்தம் என்று பால்குடி மறக்குமுன்பே கேட்டு வளர்கிறவர்கள். தண்ணீர் குறைந்தால் தோண்டு, கரித்தால் இன்னும் தோண்டு. அங்கே அது நூறு வருஷமாகப் பொய்த்ததில்லை.

தண்ணீர் இறைக்க எண்ணெய் எஞ்சினும் கிணற்றுக்குப் புது உறைகளும் வந்து இறங்கின. அதைப் பார்த்துவிட்டுக் குப்பம்மா கூடையைக்கூட இறக்கிவைக்காமல் உள்ளே வந்தாள்.

"இன்னா பண்ணப் போற, நைனா?"

"கிணத்தை ஆழமாக்கப் போறோம். இனிமே உங்களுக்கும் தட்டு இல்ல, பிள்ளைக்கும் தட்டு இல்ல."

"ஐயய்யோ, வாணாம். சொல்றத்த கேளு. இங்க நல்ல தண்ணி மேலாக்க கீது, அதுக்குக் கீய உப்பு கீது. பாலு மேல ஆடை மாதிரி. ஆடைய மட்டும் எட்த்துக்கணும். குத்திட்டீன்னா உப்பு ஏறிக்கும், அப்பால எறங்காது."

வெள்ளத்துரை கிணற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "உப்பு மேலதான் இருக்கும்மா. கீழ போகப் போக நல்ல தண்ணி. நாங்க மூணு தலைமுறையா வெட்டுதோம்."

"உங்க ஊர்ல வெட்டுன. இது எங்க ஊரு."

ராசையா சமாதானமாகச் சிரித்தார். கடலைப் பற்றிச் சொன்னால் குப்பம்மாவின் பேச்சை வேதமாக எடுத்துக்கொள்வார். ஆனால் கிணற்றைப் பற்றி மீன்காரி என்ன கண்டாள்? இதுதான் அவர் மனசில் ஓடியது, வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் தெரியாதவன் பயந்து பயந்து செய்வான், அவன் தப்புக்கு ஓர் எல்லை உண்டு. தெரிந்தவன் துணிந்து செய்வான். ராசையா துணிந்தார். நிஜத்தைச் சொல்லப்போனால் அவருக்கு அந்தத் துணிச்சல் தேவையாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்கிற கேள்வியிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

மூன்று நாள் எஞ்சின் ஓடியது. மூன்று நாளும் பெண்கள் பெரிய ரோட்டுக்கு நடந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அடியிலிருந்து தெளிவான தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. வெள்ளத்துரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "தேன், அத்தான், தேன்!" என்று கத்தினான். ராசையா குடித்தார். இசக்கியம்மாள் குடித்தாள். குப்பம்மாவுக்கும் ஒரு செம்பு கொடுத்தார்கள். அவள் வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கொப்புளித்தாற்போல் நிறுத்திவிட்டு விழுங்கினாள்.

"இன்னிக்கு நல்லாத்தான் கீது" என்றாள்.

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் திருவிழா. கொத்தனார் வந்து கொல்லையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார், பதினெட்டுக்கு எட்டு. பூமாரியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டுக்கு நடுவில் மணலில் படுக்க வைத்தார்கள். அவள் இரண்டு கையையும் வீசி மணலை அடித்து, "நான் நீந்துதேன், நான் நீந்துதேன்" என்று கத்தினாள். கிணற்றடியில் இருந்த பெண்களெல்லாம் கைதட்டினார்கள். ஐப்பசிக்குப் பிறகு ராசையா அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

பதினோராம் நாள் இசக்கியம்மாளின் அடுப்பில் பருப்பு வேகவில்லை. பருப்பு பழசு என்று கடைக்காரனைத் திட்டினாள். பன்னிரண்டாம் நாள் வேறு பருப்பும் வேகவில்லை. பதிமூன்றாம் நாள் காலையில் வேம்பு குடத்தைச் சேந்தி, கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். அப்படியே துப்பினாள். அவள் மாமியாரைக் கூப்பிட, குப்பம்மா குடித்தாள், அவளும் துப்பினாள். ஒவ்வொருத்தியாகக் குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஆனி மாதத்து வெயில் அப்போதே சுட ஆரம்பித்திருந்தது.

வெள்ளத்துரை என்னென்னவோ செய்தான். வெட்டின ஆழத்தை ஆற்றுமணல் போட்டு மூடினான். ஒரு வாரம் தொடாமல் ஆறப்போட்டான். முழுக்க இறைத்துவிட்டுப் பார்த்தான். இறைக்க இறைக்க உப்பு இன்னும் ஏறியது. கடைசியில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "எங்க ஊர்ல இப்பிடி இல்லையே அத்தான், எங்க ஊர்ல இப்பிடி இல்லையே" என்று பத்துத் தரம் சொன்னான். மறுநாள் ரயிலேறிவிட்டான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று கதையாகச் சொல்கிறோம். பூதமாவது வந்த வழியே போகும்.

ராசையா ஒரு மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றித் தினமும் குப்பத்துக்குத் தண்ணீர் அனுப்பினார். நாற்பது வீட்டுக்கு ஒரு பீப்பாய் எந்த மூலைக்கு? வீட்டுக்கு ஒரு குடம் கிடைத்தால் அதிகம். மீதிக்குப் பெண்கள் நடந்தார்கள். வேம்பு எட்டு மாத வயிற்றோடு தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக வருவதை மண்டிக்குப் போகிற வழியில் பார்த்தார். வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார். அவள் புன்னகை செய்து, "நீங்க போங்கண்ணா, உங்களுக்கு நேரமாச்சி" என்றாள். மறுநாளிலிருந்து அவர் வேறு தெருவழியாகப் போனார்.

ஆடி பிறந்தது. ஜேக்கப் டாக்டரைப் பார்க்கப் போனபோது கதையைச் சொல்லி அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உப்புத் தண்ணியா? குளத்துக்கு அது நல்லதாச்சே. உடம்பு இன்னும் லேசாக மிதக்கும். எவ்வளவு இறைச்சாலும் இனிமேல் தண்ணி குறையாதுங்கறீங்க. பிறகு ஏன் நிக்கிறீங்க? ஆறு மாதம்தான் இருக்கு."

இதைப் போய் வீட்டில் சொன்னார். இசக்கியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப கட்டுங்க. இனி யாருக்கு நஷ்டம்? தண்ணிதான் போச்சு, பிள்ளை காலும் போகணுமா?"

அவள் சொன்னதில் தப்பு ஏதும் இல்லை. ஆனால் ராசையாவால் முடியவில்லை. கட்டினால், ஊர்த் தண்ணீரைக் கெடுத்துத் தன் பிள்ளைக்குக் குளம் வெட்டினவன். கட்டாவிட்டால், ஊர்த் தண்ணீரைச் சும்மா கெடுத்தவன். முன்பு கேள்விக்கு இரண்டு பதிலாவது இருந்தது. இப்போது இரண்டும் ஒன்றுபோல் அவரைக் கேவலப்படுத்துகிற பதிலாகிவிட்டது. கொத்தனார் இரண்டு தரம் வந்து கேட்டார். "பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். கொல்லைக் கதவு எப்போதும்போலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே வர ஒருவருக்கும் வேலையில்லை. பூமாரி தென்னைமரத்தடிக் கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

ஆடி மூன்றாம் வாரம் ஒரு காலையில் குப்பம்மா வந்தாள். இடுப்பில் குடம் இல்லை, தலையில் கூடையும் இல்லை. நேரே சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம் போய் நின்றாள். காற்றில் பாதிக் கோடு அழிந்திருந்தது.

"இன்னா நைனா, போட்ட கோடு போட்டபடி கீது? எப்போ கட்டப் போற?"

ராசையா குற்றவாளி மாதிரி எழுந்து வந்தார், பின்னாலேயே இசக்கியம்மாளும் வந்தாள். "கட்டலை, குப்பம்மா."

"ஏன்?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கட்டச் சொல்லுதிய? உங்க தண்ணியைக் கெடுத்துட்டு, அந்தத் தண்ணியிலேயே என் பிள்ளையை நீந்த விடவா? நாற்பது வீடும் என்ன சொல்லும்?"

அதுவரை அவள் அவரிடம் கோபப்பட்டதில்லை. கிணறு போன அன்றுகூடக் கோபப்படவில்லை. இப்போது முகம் கறுத்துச் சிவந்தது.

"நாப்பது வூடு இன்னா சொல்லும்னு நாப்பது வூட்டக் கேட்டியா? நீயாவே சொல்லிக்கிறியே! எங்க ஆயா குட்ச்ச தண்ணிய்யா அது. எங்கம்மா குட்ச்சது. நான் வாணாம் வாணாம்னு சொல்லசொல்ல குத்திக் கெடுத்த. சரி, கெட்டுப் பூட்ச்சி. எம் மருமவ வவுத்துல புள்ளய வச்சிகினு ரெண்டு மைலு நடந்துகினு கீறா. அவ என்னாண்ட கேட்டா, அத்தே, நம்ம தண்ணி எதுக்குப் போச்சின்னு கேட்டா, நான் இன்னா சொல்றது? ஒண்ணுத்துக்கும் இல்ல, சும்மா போச்சின்னா?"

ராசையா தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கொயந்த நடக்கணும். நடந்தா, சரி, எங்க தண்ணி அவ காலுக்குப் போச்சின்னு மனசு ஆறிக்கும். நடக்கலன்னா எங்களுக்கு ஆறாது. கட்டு. நாளைக்குக் காலீல குமாரவேலு ஆளுங்கள இட்டுகினு வருவான். மண்ணு வெட்ட கூலி வாணாம்."

"டாக்டர் உறுதியாச் சொல்லலை, குப்பம்மா" என்றார் ராசையா. "நடக்கலாம், நடக்காமலும் போகலாம்னுதான்..."

"டாக்டர் சொன்னது எனக்கு இன்னாத்துக்கு?"

அவள் கட்டிலண்டை போய் உட்கார்ந்தாள். பூமாரியின் வலது காலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குமேல் அந்தக் காலை அவள் பார்த்திருக்கவில்லை. பார்த்தவள் கெண்டைக்காலை மெல்ல நீவினாள். அவள் பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சலாகக் கேட்டாள்.

"இன்னாமே, கொளம் கட்டினா நடப்பியா?"

பூமாரி அவளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பெரியவர்கள் மூன்று பேர் முகமும் தன்மேலேயே இருப்பதைக் கண்டு, "நடப்பேன் அத்தை" என்றாள்.

"எங்க அல்லார் வூட்டுக்கும் வருவியா?"

"வருவேன்."

"நடந்து?"

"நடந்து வருவேன்."

"அவ்ளோதான். கொயந்தையே சொல்ட்ச்சி" என்று குப்பம்மா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவுவழியாகப் போய்விட்டாள். இசக்கியம்மாள் சுவரில் சாய்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாளா, பயத்தில் அழுகிறாளா என்று அவளைக் கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

ராசையா கட்டிலில் உட்கார்ந்தார். ஆறு மாதமாக அவர் தேடின முடிவு வந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை, தானாக வந்துவிட்டது. நாளைக்கு மண் வெட்டுவார்கள். இத்தனை நாளும் பிள்ளை நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார், அது ஓர் அப்பனின் ஆசை. இனி அவள் நடந்தே ஆகவேண்டும். நாற்பது வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று, கொடுத்தது ஏழு வயசுப் பிள்ளை. நடக்காமல் போனால் யார் யாரிடம் என்னவென்று சொல்வது?

பூமாரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"எப்பா, எத்தனை நாளைக்குள்ள நான் நடக்கணும்?"

ராசையா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறென்ன செய்வார்?